சொரியாசிஸுக்கு வீட்டு வைத்தியம்: எது வேலை செய்யும், எதுவரை செய்யும்

கேள்வி இதுதான்: தங்கைக்கு 26 வயது, மூன்று வருடமாக முழங்கை, முழங்கால், தலையில் சொரியாசிஸ். ஆயின்மென்ட் போட்டால் போகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. வீட்டு வைத்தியத்திலேயே முழுசாகக் குணமாக்க முடியுமா, வீட்டில் கல்யாணப் பேச்சு வேறு ஆரம்பித்துவிட்டார்கள் என்று அண்ணன் கேட்டிருக்கிறார்.

நேர் பதில் முதலில். முழுசாகப் போக்கும் வீட்டு வைத்தியம் கிடையாது. ஆங்கில மருத்துவத்திலும் கிடையாது, சித்தாவிலும் கிடையாது. "வேரோடு பிடுங்கிடறேன், மூணு மண்டலம் மருந்து சாப்பிடுங்க" என்று யாராவது சொன்னால் காசை எடுத்து வைப்பதற்கு முன்னாலேயே எழுந்து வந்துவிடுங்கள். ஆனால் அடக்கி வைக்க முடியும். சிலருக்கு வருஷக்கணக்கில் ஒரு புள்ளிகூட இல்லாமல் இருக்கும். கல்லூரிக் காலத்திலிருந்து இதோடு இருக்கிறவன் என்ற முறையிலும், இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தவன் என்ற முறையிலும் சொல்கிறேன், அந்த அடக்குகிற வேலையில் வீட்டில் செய்கிற காரியங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எந்தப் பங்கு என்பது தெரியாமல் செய்வதில்தான் எல்லாம் குழம்பிப் போகிறது.

நம் மேல்தோலில் ஒரு செல் அடியில் பிறந்து, மேலே வந்து, கண்ணுக்குத் தெரியாமல் உதிர்வதற்குக் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் உள்ள இடத்தில் இது மூன்று நான்கு நாளில் நடக்கிறது. பழையது உதிர்வதற்குள் புதுசு வந்து அடுக்கிக்கொள்வதுதான் அந்த வெள்ளிச் செதில். ஏன் இவ்வளவு வேகம் என்றால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தேவையில்லாமல் தோலில் போய்ச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. ஆக இரண்டு விஷயம் இருக்கிறது. உள்ளே நடக்கும் அழற்சி ஒன்று, வெளியே சேரும் செதில் ஒன்று. வீட்டு வைத்தியங்களில் உருப்படியானவை பெரும்பாலும் இரண்டாவதைப் பார்த்துக்கொள்கின்றன. அதுவே சின்ன விஷயமில்லை. செதில் தடித்துக் கிடந்தால் எவ்வளவு விலை உயர்ந்த களிம்பும் அதற்கு மேலேயே உட்கார்ந்திருக்கும், உள்ளே போகாது. அரிப்பு, வெடிப்பு, ரத்தம் கசிவது, சட்டையில் உதிர்வது என்று தினசரி உயிரை வாங்குகிற பாதித் தொல்லை செதிலால் வருவதுதான்.

அதனால் முதல் வைத்தியம் எண்ணெய்ப் பசை. கேட்க சப்பென்று இருக்கும், யூடியூபில் இதற்கு வியூஸ் வராது. குளித்து முடித்ததும் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, தோல் இன்னும் லேசாக ஈரமாக இருக்கும்போதே, அதாவது இரண்டு மூன்று நிமிஷத்துக்குள், தேங்காய் எண்ணெயோ வெள்ளை வாசலினோ பூச வேண்டும். ராத்திரி படுக்கும் முன் இன்னொரு தடவை. நல்லெண்ணெய் பழகியவர்கள் அதையும் போடலாம். மெடிக்கல் ஷாப்பில் லிக்விட் பாரஃபின் கிடைக்கும், அதுவும் வேலை செய்யும். வாசனை சேர்த்த லோஷன்தான் வேண்டாம். குளிக்கும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் அந்த நேரத்துக்கு அரிப்பு அடங்குகிற சுகம் இருக்கும், ஒரு மணி நேரத்தில் இரண்டு மடங்காகத் திரும்ப வரும். ஒரு எச்சரிக்கை: எண்ணெயோ வாசலினோ ஊறிய நைட்டியோடு அடுப்பின் முன்னால் நிற்கக் கூடாது. துணி சட்டென்று தீப்பிடிக்கும்.

பீர்க்கங்காய் நார், கால் தேய்க்கும் கல், சொரசொரப்பான துண்டு, நகம் எல்லாவற்றுக்கும் தடை. செதிலைச் சுரண்டி எடுத்தால் அடியில் ஊசி முனை அளவுக்கு ரத்தப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும், டாக்டர்கள் நோயை அடையாளம் காண்பதற்கே அதைப் பார்ப்பதுண்டு. அதைவிட மோசம், இந்த நோயில் தோலில் எங்கே காயம் பட்டாலும் அந்தக் காயத்தின் வடிவத்திலேயே புதுத் திட்டு கிளம்பலாம். 1870களிலேயே ஹைன்ரிஹ் கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் கவனித்துச் சொன்ன விஷயம் இது. பூனை கீறின கோடு, இறுக்கமான பாவாடை நாடாவின் தடம், புதிதாகக் குத்திய பச்சை, எதிலும் வரலாம். தேய்த்துத் தேய்த்துச் சுத்தமாக்குகிறேன் என்பவர்களுக்குத் திட்டு பெருகிக்கொண்டே போவதற்குக் காரணம் இதுதான்.

தலைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெண்களுக்கு அதுதான் பெரிய தலைவலி. பொடுகு என்று நினைத்து மாதக்கணக்கில் பொடுகு ஷாம்பு போடுபவர்கள் உண்டு. பொடுகு மெல்லிசாக, எண்ணெய்ப் பசையோடு உதிரும். சொரியாசிஸ் தடிப்பாக, விரல் வைத்தால் மேடு தெரிகிற மாதிரி இருக்கும், முடி எல்லையைத் தாண்டி நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் இறங்கும். ராத்திரி தேங்காய் எண்ணெயை லேசாகச் சூடு பண்ணி, முடியை வகிடு வகிடாகப் பிரித்து, முடியில் இல்லாமல் தோலில் படும்படி பஞ்சால் ஒற்றிக்கொண்டே போக வேண்டும். இது ஒரு ஆள் செய்கிற வேலை இல்லை, அம்மாவோ அண்ணியோ பின்னால் உட்கார்ந்தால்தான் சரியாக வரும். பழைய பருத்தித் துணி ஒன்றைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டு, காலையில் அகலப்பல் சீப்பைப் படுக்கை வாட்டில் வைத்து மெதுவாக இழுத்தால் ஊறிய செதில் தானாகத் தூக்கிக்கொண்டு வரும். வராததை விட்டுவிடுங்கள், நாளைக்கு வரும். அப்புறம் சாலிசிலிக் ஆசிட் அல்லது கோல்டார் உள்ள ஷாம்புவைத் தேய்த்து ஐந்து பத்து நிமிஷம் ஊறவிட்டு அலச வேண்டும். போட்டதும் அலசினால் காசு சாக்கடைக்குத்தான் போகும். கோல்டாரில் ரோடு போடுகிற நாற்றம் அடிக்கும், ஆனால் நூறு வருஷத்துக்கு மேல் இந்த நோய்க்குப் பயன்படுகிற சரக்கு அது. செதிலோடு கொஞ்சம் முடியும் சேர்ந்து வரும், பயப்பட வேண்டாம், அடங்கினதும் பெரும்பாலும் முளைத்துவிடும்.

சரி, வெட்பாலைக்கு வருவோம். இதைப் பற்றிக் கேட்காத சொரியாசிஸ்காரர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். சித்தாவில் இந்த நோயைக் காளாஞ்சகப் படை என்பார்கள், அதற்கு வெளிப்பூச்சாக வெட்பாலைத் தைலம் கொடுப்பார்கள். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குப் போனாலும், அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவுக்குப் போனாலும் இந்தப் பெயரைக் கேட்பீர்கள். கடைகளில் 777 எண்ணெய் என்று விற்பதும் வெட்பாலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டுச் செய்ததுதான். வீட்டில் செய்ய வேண்டுமென்றால் இலையைக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் நிழலில் உலர்த்தி, கையால் கிள்ளிக் கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு, மூழ்குமளவு தேங்காய் எண்ணெய் ஊற்றி, நல்ல வெயிலில் சில நாள் வைக்க வேண்டும். இரும்பு படக் கூடாது என்பார்கள், கத்தி இல்லாமலே இலை கிழியும் என்பதால் அதில் எனக்கு வழக்கு இல்லை. கிள்ளும்போது வெள்ளைப் பால் வரும். வெயில் ஏற ஏற எண்ணெய் ஓரங்களில் நீலம் பாரித்து, பிறகு முழுசாகக் கரு ஊதாவாக மாறும், முதல்முறை பார்ப்பவர்கள் யாரோ மை கொட்டிவிட்டார்கள் என்றே நினைப்பார்கள். நிறம் ஏறவே இல்லை என்றால் இலையைச் சந்தேகப்படுங்கள், பாலை என்ற பெயரில் முடிகிற வேறு மரங்களும் இருக்கின்றன. இலையில் ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும், அதைப் புண்ணில் போடக் கூடாது.

அந்த ஊதா நிறம் வெறும் அழகுக்கு இல்லை. வெட்பாலை இலை ஒரு காலத்தில் சாயத்துக்குப் பயன்பட்டது, அவுரியில் இருக்கும் நீலச் சாயத்தின் உறவுப் பொருள்கள் இதிலும் உண்டு. அவற்றில் இண்டிரூபின் என்ற ஒன்று தோல் செல்கள் தாறுமாறாகப் பெருகுவதைக் குறைக்கும் என்று சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். சீன மருத்துவத்தில் இதே வகை நீலச் சாயத்தை சொரியாசிஸுக்குப் பூசுகிற வழக்கம் உண்டு, தைவானில் அதைக் களிம்பாக்கி நோயாளிகளிடம் சோதித்ததில் நல்ல பலனும் கிடைத்திருக்கிறது. ஆகையால் வெட்பாலையைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் வீட்டில் செய்கிற எண்ணெயில் அந்தப் பொருள் எவ்வளவு இறங்கியது என்று யாருக்கும் தெரியாது, ஒரு புட்டி மாதிரி இன்னொன்று இருக்காது. என் கணக்கில் வெட்பாலை எண்ணெய் சாதாரணத் தேங்காய் எண்ணெயைவிட ஒரு படி மேல், டாக்டர் தரும் களிம்பைவிட ஒரு படி கீழ். முழங்கை முழங்காலில் இருக்கும் தடித்த திட்டுக்கு நன்றாகவே கேட்கும். முதலில் முன்கையில் ஒரு சின்ன இடத்தில் இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். தலையணை உறை ஊதாவாகும், பழைய உறையாகப் போட்டுக்கொள்ளட்டும்.

கற்றாழை குளிர்ச்சி தரும், அரிப்பை ஆற்றும், அவ்வளவுதான். மடலை வெட்டியதும் செங்குத்தாக நிறுத்தி மஞ்சள் பால் முழுசாக வடிந்த பிறகு சோற்றைக் கழுவி எடுக்க வேண்டும், அந்தப் பால் பட்டால் எரியும். வேப்பிலைத் தண்ணீரில் தினமும் குளிப்பவர்களுக்குத் தோல் இன்னும் வறண்டு போகும், குளித்தபின் எண்ணெய் போடாவிட்டால் லாபம் இல்லை. மஞ்சள் போடலாம், கெடுதல் இல்லை, கறை மிஞ்சும். கடலில் குளித்தால் செதில் நன்றாக ஊறி விடுபடும், வெடிப்பு இருந்தால் உயிர் போகிற மாதிரி எரியும்.

கூடவே கூடாதவை சில இருக்கின்றன, இங்கே கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். பூண்டு அரைத்துக் கட்டுவது, எலுமிச்சை, வினிகர், எருக்கம்பால் இவையெல்லாம் தோலைச் சுட்டுவிடும், சுட்ட இடத்தில் என்ன கிளம்பும் என்று மேலே சொல்லியாயிற்று. சேராங்கொட்டையை வீட்டில் யாரும் தொடவே கூடாது, அதைச் சுத்தி செய்யத் தெரிந்த படித்த சித்த மருத்துவர் கையில் இருக்க வேண்டிய சரக்கு அது. கார்போகரிசி என்ற விதை இன்னொன்று. அதில் இருக்கும் சோரலென் என்ற பொருளையும் புற ஊதா ஒளியையும் சேர்த்துத்தான் 1970களிலிருந்து ஆஸ்பத்திரிகளில் புவா சிகிச்சை கொடுத்தார்கள், ஆனால் அங்கே மருந்தின் அளவும் வெளிச்சத்தின் அளவும் கணக்குப் பார்த்துக் கொடுக்கப்படும். கார்போகரிசி எண்ணெயைப் பூசிக்கொண்டு மொட்டை மாடியில் நின்றால் கொப்புளம் கொப்புளமாக வெந்து போகும்.

பெயர் ஒட்டாத டப்பாவில் வரும் லேகியம், பொட்டலத்தில் மடித்துக் கொடுக்கும் சூரணம் இரண்டும் வேண்டாம். நான்கே நாளில் அற்புதமாகக் குணமானால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள், ஸ்டீராய்டு கலந்திருக்க நிறைய வாய்ப்பு. உள்ளுக்குச் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தும்போது உடம்பு முழுக்கச் சிவந்து, சீழ்க் கொப்புளங்களோடு ஆஸ்பத்திரியில் படுக்கிற நிலை வரலாம். பாதரசம் கலந்த சரக்குகளும் புழக்கத்தில் உண்டு, சிறுநீரகம் போனால் திரும்ப வராது.

இன்னொரு கூத்து, எதிர்ப்புச் சக்தி கூட்டுகிற கஷாயம். இந்த நோயே எதிர்ப்புச் சக்தி தறிகெட்டு ஓடுவதால் வருகிறது, அதற்குப் போய் ஊட்டம் கொடுக்கிறார்கள். கொரோனா சமயத்தில் சீந்தில்கொடியை ஊரே குடித்தது, அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். நோய் கடுமையானால் டாக்டர் எழுதும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைச் சாப்பிடுபவர்களுக்கு ஏற்கெனவே கல்லீரலைக் கண்காணிக்க வேண்டியிருக்கும், அவர்கள் சீந்தில் பக்கமே போகக் கூடாது.

வெயில் நிஜமாகவே மருந்து. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் ஒளிச் சிகிச்சை 311 நானோமீட்டர் அலை நீளத்தில் வரும் புற ஊதா பி கதிர், சூரியனிலும் அது இருக்கிறது. ஆறரை மணி இளவெயிலில் அது ரொம்பக் குறைவு, மனசுக்கு நல்லது, திட்டுக்குப் பெரிதாக எதுவும் செய்யாது. ஒன்பதரை, பத்து மணி வாக்கில் ஐந்து நிமிஷத்தில் ஆரம்பித்து மெல்லக் கூட்டி, கால் மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், முகத்தை மூடிக்கொண்டு திட்டுகள் மட்டும் வெயிலில் படும்படி. சிலருக்கு வெயிலில் அதிகமாகும், அவர்கள் விட்டுவிட வேண்டியதுதான்.

பத்தியம் பற்றிச் சுருக்கமாக. கத்தரிக்காய், கருவாடு, மீன், தக்காளி, புளி என்று ஒவ்வொன்றாக நிறுத்திக் கடைசியில் ரசம் சாதத்துக்கும் வழியில்லாமல் ஆக்குவார்கள். ஒரு குறிப்பிட்ட காய்தான் எல்லோருக்கும் இதைக் கிளப்பும் என்பதற்கு ஆதாரம் இல்லை, தங்கைக்கு ஒரு பொருள் ஒவ்வொரு முறையும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதை மட்டும் விடலாம். நிச்சயமாகத் தெரிந்தவை மூன்று: அதிக எடையைக் குறைத்தால் நோய் குறைகிறது, குடி கூட்டுகிறது, புகை கூட்டுகிறது. இதைத் தவிர, தொண்டைப் புண் வந்த இரண்டு மூன்று வாரத்தில் உடம்பெல்லாம் மழைத்துளி மாதிரி சின்னச் சின்னத் திட்டுகள் வந்தால் தொண்டைக்கு முதலில் வைத்தியம் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ப்ரோப்ரனோலால், மனநலத்துக்கான லித்தியம், குளோரோகுயின் போன்ற மாத்திரைகளும் சிலருக்கு இதைத் தூண்டும். சொரியாசிஸ் உள்ளவர் இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டால் இதை டாக்டரிடம் கேட்கலாம், தானாக நிறுத்தக் கூடாது.

இப்போது அந்த ஆயின்மென்ட். "போட்டால் போகிறது, நிறுத்தினால் வருகிறது" என்பதை மருந்தின் தோல்வி என்று எடுத்துக்கொண்டுதான் பலரும் வீட்டு வைத்தியத்துக்கு ஓடுகிறார்கள். உண்மையில் அதை நிறுத்துகிற முறைதான் பிரச்சினை. திட்டு மறைந்த அன்றே டியூபை மூடி வைத்துவிடுகிறார்கள், உள்ளே அழற்சி இன்னும் முழுசாக அடங்கியிருக்காது. தினமும் என்பதை ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரம் இரண்டு நாள் என்று டாக்டர் சொல்படி இறக்கிக்கொண்டே வந்து, எண்ணெயை மட்டும் ஒரு நாளும் விடாமல் இருந்தால் இடைவெளி நீளும். அளவும் முக்கியம். ஆட்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்கு அது போதும். க்ளோபெட்டசால் மாதிரி வீரியமான ஸ்டீராய்டு களிம்பை முகத்திலும் அக்குள், தொடை இடுக்கிலும் போடக் கூடாது, தோல் மெலிந்து கோடு விழும். கால்சிபோட்ரியால் களிம்பு எழுதியிருந்தால் அதே இடத்தில் சாலிசிலிக் ஆசிட் சேர்த்துப் போடக் கூடாது, போட்டால் அந்த மருந்து செத்துவிடும். இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. படர்தாமரைக்கு என்று மெடிக்கல் ஷாப்பில் எடுத்துக் கொடுக்கும் மூன்று மருந்து கலந்த க்ரீமை இதற்குப் போடவே வேண்டாம்.

திட்டு போனபின் அந்த இடம் மாதக்கணக்கில் கருத்தோ வெளுத்தோ இருக்கும். நம் நிறத்துக்கு அது சகஜம், நோய் போகவில்லை என்று அர்த்தமில்லை, டாக்டர் சொன்னபடி இறக்கி முடித்த பிறகும் அந்த நிறத்துக்காக அதன் மேல் களிம்பைத் தொடராதீர்கள். நம் தோலில் பலருக்குத் திட்டே சிவப்பாகத் தெரியாது, ஊதா கலந்த கருஞ்சாம்பலாகத்தான் தெரியும். இணையத்தில் வரும் ரோஜா நிறப் படங்களோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

வீட்டை விட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய நேரம் எது என்றால், விரல்களோடு சேர்த்து தங்கையின் ஒரு உள்ளங்கை உடம்பில் கிட்டத்தட்ட நூற்றில் ஒரு பங்கு, பத்து உள்ளங்கைக்கு மேல் பரவினால் எண்ணெயும் களிம்பும் போதாது. காலையில் எழுந்ததும் விரல் மடங்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, ஒரு விரல் மட்டும் முழுசாக வீங்குகிறது, குதிகால் வலிக்கிறது, நகத்தில் குண்டூசியால் குத்தினது போலக் குழிகள் என்று எது வந்தாலும் மூட்டைக் காட்டிவிட வேண்டும். சொரியாசிஸில் ஒரு பகுதியினருக்கு மூட்டும் பாதிக்கும், மூட்டு ஒருமுறை அரித்துவிட்டால் எந்தத் தைலமும் அதைத் திருப்பாது. உடம்பு முழுக்கச் சிவந்தாலோ காய்ச்சலோடு சீழ்ப் புள்ளி வந்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

கல்யாண விஷயம். இது தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே சீப்பைப் போட்டாலும், ஒரே படுக்கையில் படுத்தாலும் தொற்றாது. குஷ்டம் என்று கிசுகிசுக்கும் சொந்தக்காரர்களுக்கு இதைக் கூச்சமில்லாமல் சொல்லலாம், உலக சுகாதார அமைப்பின் சபை 2014இல் சொரியாசிஸ் பற்றித் தீர்மானம் போட்டபோது இது தொற்றாத நோய் என்றுதான் எழுதியது. பரம்பரை வாய்ப்பு உண்டு, ஆனால் பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் இருந்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. மாப்பிள்ளை வீட்டில் மறைக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மறைத்துக் கட்டிக்கொடுத்தால் அந்தப் பெண் ராத்திரி எண்ணெய் பூசக்கூட ஒளிந்துகொள்ள வேண்டும், அந்த மன உளைச்சலே திட்டைக் கிளப்பும். நிச்சயத்துக்கு முன்னால் பையனிடம் நேராக ஒரு தடவை சொல்லி, விருப்பப்பட்டால் டாக்டரையே பார்க்கச் சொல்லலாம்.

கர்ப்ப காலத்தில் பலருக்கு இது தானாகவே குறையும், பிரசவத்துக்குப் பிறகு திரும்பக் கிளம்பலாம். மருந்துதான் கவனிக்க வேண்டிய இடம். மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடும்போது கர்ப்பம் ஆகவே கூடாது, நிறுத்திய பிறகும் சில மாதங்கள் பொறுக்க வேண்டும். அசிட்ரெட்டின் என்ற மாத்திரை அதைவிட மோசம், நிறுத்தியும் மூன்று வருஷம் வரை கருத்தரிக்கக் கூடாது என்பார்கள், பிள்ளை பெற வேண்டிய வயதில் இருப்பவர்களுக்கு அதை முடிந்தவரை கொடுப்பதே இல்லை. டாக்டர்களிடம் நாம் சொன்னால்தான் தெரியும். அடுத்த தடவை தோல் டாக்டரிடம் போகும்போது, வீட்டில் வரன் பார்க்கிறார்கள் என்பதையும், என்னென்ன எண்ணெய், கஷாயம் ஓடுகிறது என்பதையும் தங்கையை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எழுதுகிற மருந்தே மாறலாம்.